தலைமாடு உயரும் கட்டில்

"செருப்போடயே படுக்கலாங்கம்மா, கால்மாட்டுல விரிப்புப் போட்டிருக்குதுங்க" என்று கடைப்பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள், ஆனாலும் நான் கழற்றித்தான் வைத்தேன், செருப்புக் காலோடு மெத்தையில் ஏறுவது எனக்கு இந்தப் பிறவியில் வராது, கழற்றியதைக் கட்டிலுக்கடியில் தள்ளலாம் என்று குனிந்தால் அங்கே இவருடைய தலை இருந்தது. பேரன் எடுத்த மனிதர், சலவைச் சட்டையோடு கடையின் பளபளத் தரையில் மல்லாந்து படுத்துக் கட்டிலின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "பாதிக்கு ரெண்டு மோட்டார் இருக்குது அம்மிணி. ஒண்ணு தலைக்கு, ஒண்ணு காலுக்கு. உள்ள வைண்டிங் எப்படிப் பண்ணியிருக்கான்னு தெரியல, கள்ளப்பயல், மூடி வெச்சிருக்கான்." பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றியே தலை நரைத்தவர், மெத்தை வாங்க வந்த இடத்திலும் மெத்தை கண்ணில் படாது. "சார், மேல படுத்துத்தானுங்க பாக்கோணும், கீழ இல்லீங்க" என்றாள் அந்தப் பெண். யமுனா என்று சட்டையில் அட்டை குத்தியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிப்பதற்கு மூச்சு வேண்டும், அதனால் உள்ளுக்குள்ளேயே சிரித்துக்கொண்டு மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தாயிற்று, படுப்பதுதான் சங்கடம். ஆட்கள் நடமாடும் இடத்தில், பட்டப்பகலில், பொம்பளை ஒருத்தி எப்படிக் காலை நீட்டிப் படுப்பாள்? கல்யாண மண்டபங்களில்கூட நான் சுவரில் சாய்ந்ததோடு சரி. ரயிலில் என்றால் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன், அது நானாகப் படுத்ததில்லை, படுக்க வைத்தார்கள். மற்றபடி எல்லாரும் சுற்றி நின்று பார்க்க ஒரு பொம்பளை நீட்டிப் படுப்பது ஒரே ஒரு நாள், அன்றைக்கு அவளுக்கு வெட்கம் தெரியாது. ச்சீ, என்ன நினைப்பு, கட்டில் வாங்க வந்த இடத்தில். புடவைக் கொசுவத்தைக் கணுக்கால்வரை இழுத்து விட்டுக்கொண்டு, சரி, தலை எந்தப் பக்கம் என்று பார்த்தேன். தலைப்பலகை கடையின் பின்சுவரை ஒட்டியிருந்தது. கடை வாசல் தெற்கே பார்த்தது, திருச்சி ரோட்டு வெயில் அந்தப் பக்கத்திலிருந்துதான் உள்ளே விழுகிறது. அப்படியானால் பின்சுவர் வடக்கு. வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதே என்று கேட்டு வளர்ந்த தலை இது, மெத்தை எவ்வளவு மெத்தென்று இருந்தால் என்ன. "வேண்டாங்கண்ணு, நான் இப்படித் திரும்பிப் படுத்துக்கறேன்" என்றேன். இவர் கட்டிலுக்கடியிலிருந்து, "கடைக்கு ஏது அம்மிணி திசை? இங்கயே தங்கவா போறே?" என்றார். "நீங்க கம்முனு மோட்டாரைப் பாருங்க." யமுனா சிரித்தாள். "வர்ற அம்மா எல்லாரும் இதைத்தானுங்க சொல்றாங்க. நானும் மேனேஜர்கிட்டச் சொல்லிப் பார்த்தேன். அவரு கல்லாவுக்கு வாஸ்து பார்த்தாரு, கட்டிலுக்குப் பாக்கலைங்க." இரண்டு தலையணைகளைக் கால்மாட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கினாள். நான் தெற்கே தலை வைத்து, சுவரில் தொங்கிய தள்ளுபடி அட்டையைப் பார்த்துக்கொண்டு படுத்தேன்.

மெத்தை என்னை வாங்கிக்கொண்டது. முதலில் இடுப்பை, பிறகு தோளை, பிறகு நான் எப்போதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் கழுத்தை. கையை அழுத்தி எடுத்தால் பள்ளம் அவசரமில்லாமல் மேலே வந்தது, பிசைந்து வைத்த மாவு போல. "சித்த நேரம் அப்படியே இருங்கம்மா, படுத்த உடனே எல்லா மெத்தையும் நல்லாத்தான் இருக்கும், சித்த நேரம் கழிச்சுத்தான் அதோட குணம் தெரியும்" என்றாள் யமுனா. மனுஷரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். தலையணை இருந்ததால் மூச்சு வந்தது, போனது. நான் அதைக் கவனித்தேன். மூச்சைக் கவனிப்பதே எனக்கு இப்போது வேலை. வாசலில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தால் வீட்டுக்காரிக்கு உள்ளே எந்த வேலையும் ஓடாதே, அப்படி. இதயம் பலவீனம், நுரையீரலில் நீர் கட்டுகிறது, மட்டமாகப் படுக்கவே கூடாது, தலைப்பக்கம் தூக்கியே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது ஆடியில். வீட்டுக்கு வந்த சில நாளிலிருந்தே ஹாலில் சாய்வு நாற்காலியில்தான் தூங்குகிறேன். தலைக்கு மேல் ஒரு கொசுவலை தொங்கும், அதற்குள் கூண்டுக்கிளி மாதிரி நான். இவர் உள்ளே, படுக்கையறையில், எங்கள் பழைய மெத்தையில். மட்டமாகப் படுக்க முடியவில்லை, அதனால்தான் நாற்காலிக்குப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். பாதி நிஜம். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு கட்டிலிலேயே சமாளித்திருப்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒரு விடியற்காலை கண்ணைத் திறந்தபோது இவர் என் பக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, சுட்டுவிரலை என் மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தார். நான் உடனே கண்ணை மூடிக்கொண்டேன். என் மூச்சு இரண்டு தரம் படும்வரை அந்த விரல் அங்கேயே இருந்தது, பிறகு இவர் படுத்துக்கொண்டார், படுத்தாரே தவிரத் தூங்கவில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். எனக்கு நடக்க வேண்டியது எப்போதாவது நடக்கும், அதை யார் தடுக்க முடியும், ஆனால் இவர் கைக்குப் பக்கத்தில் நடக்க வேண்டாம். என் அக்கா ஒரு நாள் காலையில் காப்பிக்கு எழுப்புவதற்காக அத்தானைத் தொட்டாள், சில்லென்று இருந்தது. தொட்ட அந்தக் கையை அவள் இன்னமும் சேலையில் துடைத்துக்கொண்டே இருக்கிறாள், பேசும்போது, சாப்பிடும்போது, பேத்திக்குத் தலை பின்னும்போது. இவருடைய கை அப்படி ஆகக் கூடாது. மோட்டாருக்குக் கம்பி சுற்றின கை. அதனால் இன்றைக்கு நான் சொல்லப்போவது சிங்கிள் கட்டில். தலை உயரும், கால் உயரும், ஒரே ஒரு ஆள் படுக்கும் கட்டில், ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டு அங்கே போட்டுக்கொள்ளலாம். இவர் நினைப்பது டபுள். "பழைய மெத்தை முதுகைக் கொல்லுது, எனக்கும் சேர்த்துத்தான் பாக்கோணும்" என்று ஒரு மாதமாக முதுகைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார். உங்களுக்கு வேண்டுமானால் தனியாக ஒரு மெத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வேன், இப்போதே சொல்லிவிடலாம், மூச்சு ஒரு வாய் சேர்ந்ததும் சொல்கிறேன்.

"சாரும் படுங்க, ரெண்டு பேரும் படுத்தாத்தான் பாரம் தெரியும்." இவர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து, திசையாவது ஒன்றாவது, சுவர்ப்பக்கம் தலையை வைத்து ஜம்மென்று படுத்தார். நான் தெற்கே தலை, இவர் வடக்கே தலை. பெட்டியில் அடுக்கும் மாம்பழம் மாதிரி மாற்றி மாற்றி. யமுனா தலையணையை நகர்த்துவது போல முகத்தை மறைத்துக்கொண்டாள், சிரிக்கிறாள், சிரிக்கட்டும். அவள் விவரம் சொல்ல ஆரம்பித்தாள். "இப்ப நீங்க படுத்திருக்கறது ரெண்டு பாகமுங்க. அவங்கவங்க பாதிக்கு அவங்கவங்க ரிமோட். நடுவுல மட்டும் ஒரு சின்ன இடைவெளி வரும். அந்தக் கடைசியில இருக்கறது ஒரே பாகம், இடைவெளி கிடையாது, ஆனா ஒருத்தருக்குத் தூக்கினா ரெண்டு பேருக்கும் தூக்கும். அப்புறம் சிங்கிள் இருக்குதுங்க." இவர் உடனே, "ஒரே பாகமே இருக்கட்டுங்க. எனக்கும் சாய்ஞ்சு படுத்தாத்தான் தூக்கம் வரும்" என்றார். என்ன பொய்! கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், குப்புறப் படுத்து, தலையணையைத் தள்ளிவிட்டு, பல்லி மாதிரி மெத்தையோடு ஒட்டிக்கொண்டு தூங்கும் மனிதர். சாய்ந்து உட்கார்ந்தால் பஸ்ஸில்கூட இவருக்குக் கண் அசராது. எதற்கு இந்தப் பொய் என்று முகத்தைப் பார்க்கலாமென்று திரும்பினால் முகம் அந்தக் கோடியில் இருந்தது. என் முகத்துக்கு நேரே இருந்தது பாதம். இத்தனை வருஷத்தில் இவருடைய பாதத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை என்று தோன்றியது. மஞ்சள் பூத்த நகம். பெருவிரல் பக்கத்து விரல்மேல் லேசாகச் சாய்ந்திருக்கிறது, இது எங்கள் மகளுக்கும் இருக்கிறது, இவரிடமிருந்துதான் போயிருக்கிறது. குதிகாலில் வெடிப்பு. பாதம் முழுக்கக் கொசுக்கடி. விரலிடுக்கில், உள்ளங்காலின் வளைவில், கணுக்காலைச் சுற்றி, பழையது கறுத்தும் புதியது சிவந்தும். படுக்கையறை ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடித்திருக்கிறோம், அந்த அறையில் கொசு கிடையாது, கார்த்திகை மழையிலும் கிடையாது. கணுக்கால் எலும்பின் மேல் தோல் கறுத்துத் தடித்திருந்தது. வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்தால்தான் அந்த இடத்தில் அப்படி உரசும், மெத்தையில் உரசாது. நான் அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு நடைவழி, அதற்கு ஒரு திரை. என் நாற்காலியின் முதுகு அந்தத் திரைப்பக்கம். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு பாய் சுருட்டி நிற்கும், காலையில் ஒரு நாள் தொட்டபோது சூடாகக்கூட இருந்தது, மெஷின் சூடு என்று நினைத்தேன், மெஷின் ஓடாத நாளில். திரைக்கு அந்தப் பக்கம் சப்பென்று ஒரு சத்தம் கேட்கும், பல்லி என்று நினைத்தேன். பல்லி எதற்குத் தன் காலிலேயே அடித்துக்கொள்ளப்போகிறது? முதுகு வலி. பழைய மெத்தை. படுத்தால்தானே மெத்தை வலிக்கும்.

"இது என்னங்க காலெல்லாம்?" என்று பாதத்தைப் பார்த்துக் கேட்டேன். "எது?" என்று அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. "கொசுக்கடி." "செடிக்குத் தண்ணி ஊத்தறப்ப கடிச்சிருக்கும்." "உள்ளங்கால்லயுமா? செடிக்கு மல்லாந்து படுத்துட்டா தண்ணி ஊத்தறீங்க?"  கால்விரல்கள் ஒன்றோடொன்று ஒண்டிக்கொண்டன, குழந்தைகள் மாட்டிக்கொண்டால் ஒண்டுமே அப்படி. யமுனாவுக்கு நாங்கள் கட்டிலைப் பற்றித்தான் பேசுகிறோம் என்ற நினைப்பு. "இப்ப தூக்கிக் காட்டறனுங்கம்மா" என்று என் பக்கத்து ரிமோட்டை அழுத்தினாள். கட்டில் தேனீ போல ரீங்காரம் போட்டது, என் பாதி அசைந்தது, தலை உயரும் என்று நான் காத்திருக்க, கால் உயர்ந்தது. நான்தானே தலைகீழாகப் படுத்திருக்கிறேன், கட்டிலுக்கு என்ன தெரியும், தலை இருக்க வேண்டிய இடத்தை அது தூக்குகிறது, அங்கே என் கால் இருக்கிறது. முழங்கால் மேலே போக, கழுத்து தலையணையிலிருந்து நழுவிக் கீழே போக, எனக்குள் எங்கோ அடியில் தேங்கியிருந்த நீர் முழுக்க நெஞ்சுக்கு ஓடி வருவது போல இருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த பூனை எழுந்து உள்ளே வந்துவிட்டது. சத்தம் போட வேண்டும், எதை வைத்துப் போடுவது, விளக்குகள் எல்லாம் தள்ளித் தள்ளிப் போகின்றன, இங்கேதானா, இந்தப் பளபளத் தரையில், தள்ளுபடி அட்டைக்குக் கீழே, இவர் பார்த்துக்கொண்டிருக்க. நான் இருமவில்லை, கையை அசைக்கவில்லை, ஒரு சத்தமும் என்னிடமிருந்து வரவில்லை, அதற்குள் "நிறுத்து கண்ணு! நிறுத்து!" என்று இவர் எழுந்துவிட்டார். கட்டிலைச் சுற்றி ஓடிவரவில்லை, கட்டிலின் மேலேயே மண்டியிட்டு வந்து, என் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி, தன் நெஞ்சில் சாய்த்து உட்கார வைத்தார். "ஒண்ணுமில்ல. வாயைத் திறந்து விடு. மெதுவா. இன்னொண்ணு. அவ்வளவுதான்." முகத்தைப் பார்க்காமல், சத்தம் வராமல், இவருக்கு எப்படித் தெரிந்தது? மோட்டாரின் ரீங்காரத்துக்கு நடுவில் என் மூச்சு ஒரு இழை மாறியதை இவர் காது பிடித்திருக்கிறது. இந்தச் சில மாதமும் திரைக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாரா? தூங்கட்டும் என்றுதானே நான் எழுந்து போனேன். யமுனா முகம் வெளுத்து, "அம்மா, நான் பாக்கலீங்க, திரும்பிப் படுத்திருந்தது மறந்தே போச்சுங்க" என்று அழப்போனாள். "உம்மேல ஒண்ணுமில்ல சாமி, போய்க் குடிக்கத் தண்ணி கொண்டா" என்றேன். எனக்குக் குரல் வந்திருந்தது.

அவள் கட்டிலைப் பழையபடி இறக்கிவிட்டுப் போனதும் நான் எழுந்து, சுற்றி வந்து, வடக்கே தலை வைத்து இவர் பக்கத்தில் படுத்தேன். பேசினால் நான் எழுந்துவிடுவேன் என்று பயந்தவர் போல இவர் ரிமோட்டை மட்டும் எடுத்து, அதில் வரைந்திருந்த சின்னக் கட்டில் படங்களை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, அழுத்தினார். இந்தத் தரம் தலை உயர்ந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலை நர்ஸ் கைப்பிடியைச் சுற்றித் தூக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குலுக்கல் இருக்கும், இதில் இல்லை, யாரோ முதுகில் உள்ளங்கையை வைத்து, அவசரமில்லை, எழுந்திரு எழுந்திரு என்று சொல்வது போல. நெஞ்சிலிருந்து நீர் இறங்கியது, அது அதன் இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. "போதுமா?" "இன்னுங் கொஞ்சம்." "இப்ப?" "ம்." இரண்டு பேரும் கடையின் கூரையைப் பார்த்தோம். இவர் முகத்தைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். "நடைவழியில எதுக்குப் படுக்கறீங்க?" இவர் ரிமோட்டை மெத்தையில் வைத்தார். "உள்ள படுத்தா உன்ற மூச்சு கேக்கறதில்ல." அவ்வளவுதான் சொன்னார். கதவு சரியாகச் சாத்தவில்லை, குழாய் ஒழுகுகிறது என்று சொல்வது போல. அந்தச் சாதாரணம்தான் என்னைச் சொல்ல வைத்தது, அழுதிருந்தாரானால் நான் மூடிக்கொண்டு போயிருப்பேன். "நான் எதுக்கு நாற்காலிக்குப் போனேன்னு தெரியுமுங்களா? ஒரு நாள் காலையில நீங்க கண்ணு முழிச்சு, பக்கத்துல தொட்டு, அக்கா மாதிரி..." முடிக்கவில்லை, முடிக்கத் தேவையிருக்கவில்லை. இவர் வேட்டி நுனியைச் சரிசெய்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "அதுக்குன்னு ஹால்ல போய் உக்காந்துட்டா?" என்றார். "ஹாலா இருந்தாலும் நாந்தானே அம்மிணி வந்து பாக்கோணும். வேற ஆரு வருவா நம்ம வீட்டுல?" நான் இதை யோசித்ததே இல்லை. எல்லாவற்றையும் யோசித்தேன், சோபாவை எந்தப் பக்கம் நகர்த்துவது என்றுகூட யோசித்தேன், காலையில் காப்பி டம்ளரோடு திரையை விலக்கிக்கொண்டு வருவது யார் என்று யோசிக்கவில்லை. இந்த மனிதர் எத்தனை காலை அந்தத் திரைக்குப் பின்னால் டம்ளரோடு நின்று, என் மூச்சுக் கேட்ட பிறகு திரையை விலக்கியிருப்பார்? காப்பி ஏன் ஆறிப்போய் வருகிறது என்று நான் வேறு கேட்டிருக்கிறேன். "பயமா இருக்குதுங்க" என்றேன். இந்தச் சொல்லை டாக்டரிடமோ மகளிடமோ சொன்னதில்லை. "எனக்குந்தான்" என்றார். இரண்டு பேருடைய பயமும் அந்த மெத்தையின் மேல் கொஞ்ச நேரம் படுத்திருந்தன. யமுனா சொன்னது சரி, சித்த நேரம் கழித்துத்தான் தெரிகிறது.

அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரே பாகம் என்றால் எனக்காக இவரும் மீதி நாளெல்லாம் சாய்ந்துகொண்டே விழித்திருப்பார், நாற்காலிக்குப் பதிலாகக் கட்டில், நடைவழிக்குப் பதிலாகப் பக்கத்தில், ஆனால் தூக்கம் மட்டும் கிடையாது. இரண்டு பாகம் என்றால் நான் இத்தனை உயரத்தில், இவர் அத்தனை தாழ்வில், நடுவே ஒரு இடைவெளி. "குப்புறப் படுங்க" என்றேன். "என்னது?" "வீட்டுல படுப்பீங்களே, அப்படி." "கடையில ஆளுங்க இருக்காங்க அம்மிணி." "என்னைப் படுக்க வெச்சீங்களே, அப்ப ஆளுங்க இல்லையா? படுங்க." முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டார், பிறகு எடுத்துத் தலைப்பலகை மேல் வைத்தார், தலையணையைத் தள்ளிவிட்டு, அந்தப் பாதி மெத்தையில் மட்டமாக, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு குப்புறப் படுத்தார். முதுகு ஒரு தரம் பெரிதாக ஏறி இறங்கியது. நான் என் உயரத்தில் சாய்ந்தபடியே வலது கையை இடைவெளிக்கு அந்தப் பக்கம் நீட்டி விட்டேன். கை காற்றில் கொஞ்சம் இறங்கி, பிறகு இவர் பின்தலையில் பட்டது. மெல்லிய மயிர், அதற்குக் கீழே பிடரியின் பள்ளம், சூடு. இவர் அசையவில்லை. தண்ணீர்ப் பாட்டிலோடு வந்த யமுனா எங்களைப் பார்த்துவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாதவள் போலத் தூணோரம் நின்று, "என்னங்கம்மா, ஏதாச்சும் சரியில்லீங்களா?" என்றாள். "ஒண்ணுமில்ல கண்ணு, கை எட்டுதான்னு பார்த்தேன்" என்றேன். "எட்டுது. இதையே போட்டுருங்க."